எண்ணெயும் மாத்திரையும் ஒரே குலையில்

கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்

ஜொகூர் பாருவில் எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் சமையல் எண்ணெய்ப் போத்தல்களில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அது பொய்யில்லை. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடம்பில் உண்டாகும் பொருள். செடிகொடிகளில் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை. அப்படியிருக்க, ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிய டாக்டர் மட்டும் ஏன் முதல் வார்த்தையாக "எண்ணெயக் கொறைங்க அக்கா" என்கிறார்?

இதோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்துப் பார்மசிக்குப் போனால் அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு ஜெல் மாத்திரை இருக்கும். கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று எடுத்துத் தருவார்கள். அதுவும் செம்பனைப் பழத்திலிருந்து எடுத்ததுதான். கூலாயிலிருந்து செகாமட் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நிற்கிறதே, அதே மரத்துப் பழம். எண்ணெயாகப் போத்தலுக்குள் போனால் கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது, மாத்திரையாகக் குப்பிக்குள் போனால் இறக்குகிறது என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இது நாலு பேர் சம்பந்தப்பட்ட குழப்பமில்லை. மலேசிய அரசின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 33.3 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல். அதாவது மூவரில் ஒருவர். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருவர் இருப்பார், அல்லது நாமே அவராக இருப்போம்.

கல்லீரல் என்ன செய்கிறது

கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பு ஓடாது. உயிரணுக்களின் சவ்வு, சில ஹார்மோன்கள், வைட்டமின் டி, பித்தநீர் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பே நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் இருப்பது சுமார் 190 மில்லிகிராம். ஆக, தட்டிலிருந்து வருவதைவிட உள்ளேயே உற்பத்தியாவது அதிகம்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறு உருண்டைகளில் ஏறித்தான் பயணம் செய்யும். அந்த உருண்டைகளில் ஒரு வகைக்கு எல்.டி.எல். என்று பெயர், 'கெட்ட கொழுப்பு' என்று நாம் திட்டுவது இதைத்தான். கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் இந்த உருண்டைகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதங்கள் உண்டு. இவற்றை ஏற்பிகள் என்போம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970களில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகள் நிறைய இருந்தால் ரத்தம் சுத்தமாகும். குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, நாளடைவில் நாளச் சுவரில் போய் உட்காரும். பிறவியிலேயே இந்த ஏற்பி பழுதான குடும்பங்கள் உண்டு. அவர்கள் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் உணவால் மட்டும் அளவைச் சரிக்கட்ட முடியாது. அப்பா நாற்பது வயதில் மாரடைப்பில் போனார் என்றால், பிள்ளைகள் வெந்தயத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி எண்ணெய்ப் புதிருக்கு வருவோம். கொழுப்புகளில் நிறைவுற்ற கொழுப்பு என்று ஒரு வகை. நெய், தேங்காய்ப்பால், இறைச்சிக் கொழுப்பு போல, குளிர்ந்தால் உறையும் தன்மையுள்ளது. இந்த வகை கூடினால் கல்லீரலின் ஏற்பிகள் மந்தமாகின்றன. போத்தலில் கொலஸ்ட்ரால் ஒரு துளி இல்லை, ஆனால் உடம்பு தானே செய்த கொலஸ்ட்ராலை அப்புறப்படுத்தும் வேலை தடைபடுகிறது. டாக்டர் பயப்படுவது இதற்குத்தான். போத்தல் மேல் எழுதியிருப்பதும் உண்மை, டாக்டர் சொல்வதும் உண்மை.

மொரிசியஸ் அரிசிக்கடையில் நடந்தது

செம்பனை எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறையவோ கூடவோ நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெய் அளவுக்கு மோசமில்லை, சோயா எண்ணெய் அளவுக்கு நல்லதுமில்லை. ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, நிறைவுற்ற கொழுப்பு குறைந்த தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது செம்பனை எண்ணெய் எல்.டி.எல்.லை 0.24 மில்லிமோல் உயர்த்துவதாகக் கணக்கிட்டது. (மலேசியத் தாள்களில் மில்லிமோல் கணக்கு, தமிழ்நாட்டுத் தாள்களில் மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை 39ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். ஆக இது சுமார் 9.) ஒருவருக்குப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான்.

ஒரு நாடே எண்ணெயை மாற்றினால்? மொரிசியஸ் அதைச் செய்தது. நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களும் பிற இந்தியர்களும் நிறைந்த தீவு அது. அரசு மலிவு விலையில் வழங்கிய சமையல் எண்ணெய் பெரும்பாலும் செம்பனை எண்ணெயாக இருந்தது. 1987க்குப் பிறகு அதைச் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992இல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. கூடவே உடற்பயிற்சி, புகை, மது பற்றிய பிரச்சாரமும் நடந்ததால் இறக்கம் முழுவதையும் எண்ணெய்க் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் எந்த மாத்திரையும் இல்லாமல், யாரும் சமையலை மாற்றாமல், கடையில் கிடைக்கும் எண்ணெய் மாறியதாலேயே இதில் ஒரு பங்கு நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலேசியாவில் இதைச் சொல்வது எளிதல்ல. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பில் சோகோலோஃப் என்ற வணிகர், மாரடைப்பிலிருந்து பிழைத்த கோபத்தில், செம்பனை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் எதிராகப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தார். இங்கே அது நாட்டின் பிழைப்பின் மேல் விழுந்த அடியாகத் தெரிந்தது. சோயா வியாபாரிகளின் சூழ்ச்சி என்ற பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதற்காக நிறைவுற்ற கொழுப்பின் குணம் மாறிவிடாது.

சிவப்பு மாத்திரையின் கணக்கு

இப்போது பழத்தை எடுத்துக்கொள்வோம். குலையிலிருந்து உதிர்ந்த ஒரு செம்பனைப் பழத்தை நசுக்கினால் விரலெல்லாம் ஆரஞ்சு நிறம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பழம் காய்ப்பதற்கே ஒரு காலத்தில் மனிதக் கை வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பாளையில் மகரந்தம் தூவுவார்கள். 1981 பிப்ரவரியில் குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்தில், கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு வண்டுகளை விட்டார்கள். பூச்சியியலாளர் ரஹ்மான் சையதின் ஆராய்ச்சியால் வந்த யோசனை அது. அதற்கப்புறம் அந்த வேலையை வண்டுகள் எடுத்துக்கொண்டன.

பழத்தின் சிவப்புக்குக் காரணம் கேரட்டில் இருக்கும் கரோட்டின்தான். அதோடு வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோக்கோட்ரையீனால் என்ற பொருளும் இருக்கிறது. சாதாரணச் சமையல் எண்ணெயாக்கும்போது களிமண் பொடியால் வெளுத்து, மிகுந்த சூட்டில் ஆவி பாய்ச்சி வாசனை நீக்குவார்கள். சிவப்பு அதில் போய்விடும். டோக்கோட்ரையீனாலில் ஒரு பகுதி எண்ணெயில் தங்கும், ஒரு பகுதி ஆவியோடு வெளியேறும் கசடில் சேரும். மாத்திரைக்கான சரக்கு அப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுகிறது. சூட்டைக் குறைத்து, சிவப்பைக் காப்பாற்றிச் செய்யும் எண்ணெயும் உண்டு. பாசிர் கூடாங்கின் கரோட்டினோ நிறுவனம் அப்படியொன்றை விற்பதை இங்கே பலர் பார்த்திருப்பார்கள். வைட்டமின் ஏ குறைவான குழந்தைகளுக்குச் சிவப்பு எண்ணெய் நிஜமாகவே உதவும். அதை மறுக்க வேண்டியதில்லை. நம் கேள்வி கொலஸ்ட்ரால் பற்றியது.

டோக்கோட்ரையீனாலுக்கு இந்தப் பேர் வந்த கதை நியாயமாகவே தொடங்கியது. 1986இல் அசாஃப் குரேஷியும் சகாக்களும் பார்லியிலிருந்து அதைப் பிரித்து, கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை அது தடுப்பதாகக் காட்டினார்கள். 1991இல் செம்பனையிலிருந்து எடுத்த மாத்திரையைச் சிறு குழுவுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் இறங்கியது. மலேசியாவில் மகிழ்ச்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் சுமார் 14 கிராம். பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 500 பங்கு டோக்கோட்ரையீனால் என்று வைத்தால், அந்தக் கரண்டியில் இருப்பது 7 மில்லிகிராம். அதே கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம், அதாவது ஆயிரம் மடங்கு. பின்னால் நடந்த ஒரு சோதனையில் நாளொன்றுக்குக் கொடுத்த டோக்கோட்ரையீனால் 140 மில்லிகிராம். அதை எண்ணெய் வழியாக அடைய நினைத்தால் 20 கரண்டி, 280 கிராம் எண்ணெய் குடிக்க வேண்டும். கலோரி 2,500ஐத் தாண்டும். நிறைவுற்ற கொழுப்பு 140 கிராம் உள்ளே போகும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 22 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் வழக்கமான வரம்பு. ஆகவே 'எண்ணெயிலேயே மருந்து இருக்கிறது' என்ற பேச்சு கரண்டியைத் தொட்டதுமே உடைந்துபோகிறது.

சரி, எண்ணெயை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால்? அந்த 140 மில்லிகிராம் சோதனை அதற்குத்தான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ரொனால்ட் மென்சிங்கின் குழு, கொலஸ்ட்ரால் சற்றே கூடிய 40 ஆண்களில் பாதிப் பேருக்கு அதை ஆறு வாரம் கொடுத்தது. 1999இல் முடிவு வெளிவந்தது: எல்.டி.எல்.லில் எந்த மாற்றமும் இல்லை. 2002இல் வேறொரு குழுவும் இப்படியே சொன்னது. உயிரணுக்களில் கண்ட செயல் மனித ரத்தத்தில் நம்பும்படியாகத் திரும்பவில்லை. டோக்கோட்ரையீனாலுக்கு வேறு பயன்கள் இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் கொலஸ்ட்ராலுக்கென்று மாதாமாதம் அதற்கு வெள்ளியைக் கொட்டுவதற்கு இதுவரை நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பித்தநீரின் சுற்றுப்பயணம்

அப்படியானால் சாப்பாட்டில் எதுவுமே வேலை செய்யாதா? செய்யும். அது நடப்பது குடலில்.

கல்லீரல் கொலஸ்ட்ராலை உடைத்துப் பித்த அமிலங்களாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது, எண்ணெய் செரிக்க. வேலை முடிந்ததும் அவற்றில் 95 விழுக்காட்டைக் குடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். வீட்டில் குழம்பு மிச்சத்தை மறுநாள் சூடுபண்ணிப் பயன்படுத்தும் சிக்கனம்தான். இந்தச் சுற்று ஒரு நாளில் பல தடவை நடக்கிறது. இதில் எங்கேயாவது ஓட்டை போட்டால், பித்த அமிலம் மலத்தோடு வெளியேறும். பற்றாக்குறையை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதைப் பிடிக்க ஏற்பிகளைக் கூட்டும். ரத்தத்தில் எல்.டி.எல். இறங்கும்.

ஓட்டை போடுவது எது? தண்ணீரில் ஊறினால் வழவழப்பாகும் நார். இதைக் கரையும் நார் என்போம். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் ஒட்டுகிறதே, அதுபோன்ற பிசுபிசுப்பு குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் கரையும் நார் நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். குறையும் என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்றுக்கொண்டுள்ளன. இசப்கோல் உமிக்கும் அந்த அங்கீகாரம் உண்டு. மலேசியாவில் மூலைக்கு மூலை விற்கும் பார்லித் தண்ணீர் இதில் சேராது. கோப்பையில் வருவது பெரும்பாலும் சீனி. நாரில் பெரும்பங்கு பார்லி மணிக்குள்ளேயே இருக்கிறது. மணியையும் மென்று தின்றால் பலனுண்டு, சீனி இல்லாவிட்டால் இன்னும் நல்லது. இசப்கோலை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மற்ற மருந்துகளிலிருந்து சில மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். நார், மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் கலந்த மார்ஜரின் ஆகியவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து ஒரே உணவுத் திட்டமாக்கினார். 46 பேர், ஒரு மாதம். சாதாரணக் கொழுப்புக் குறைந்த உணவு உண்டவர்களுக்கு எல்.டி.எல். 8 விழுக்காடு குறைந்தது. லோவாஸ்டாட்டின் மருந்து சேர்த்தவர்களுக்கு 30.9. ஜென்கின்ஸ் உணவுக்கு 28.6. மருந்துக்கு ஏறக்குறைய சமம்! ஆனால் அதில் உணவை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். 2011இல் ஜனங்களிடம் 'நீங்களே வாங்கிச் சமைத்துக்கொள்ளுங்கள்' என்று ஆலோசனை மட்டும் தந்தபோது, ஆறு மாதத்தில் குறைவு 13, 14 விழுக்காடாகச் சுருங்கியது. வாழ்க்கை குறுக்கே வரும், அவ்வளவுதான்.

தாவர ஸ்டெரால் என்பது செடிகளின் கொலஸ்ட்ரால் சாயல் பொருள். குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளே விடாது. நாளுக்கு 2 கிராம் சாப்பாட்டோடு போனால் 8 முதல் 10 விழுக்காடு வரை குறையும். சாதாரணச் சாப்பாட்டில் அதில் கால்வாசிகூடக் கிடைக்காது. அதனால்தான் பால், மார்ஜரினில் கலந்து விற்கிறார்கள். பருப்பு வகைகள் இதைவிட மலிவு. வேகவைத்த கடலையோ பயறோ நாளுக்குச் சுமார் 130 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். 5 விழுக்காடு வரை இறங்கும் என்று 2014இல் ஒரு தொகுப்பு ஆய்வு கண்டது. சுண்டலும் சாம்பாரும் நம் வீட்டில் இருக்க, எதற்காகக் குப்பிகளைத் தேடுவது? பொரித்து உப்பில் பிரட்டிய கச்சாங் பூத்தே இந்தக் கணக்கில் வராது என்பதைச் சொல்லவும் மனசு வலிக்கிறது.

பூண்டும் குக்குலுவும்

பூண்டை விட்டுவிட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2007இல் வெளியான சோதனையில் 192 பேருக்கு ஆறு மாதம், பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். பச்சைப் பூண்டை சாண்ட்விச்சில் வைத்து. மாற்றமே இல்லை. ரசத்தில் போடுங்கள், ருசிக்கு.

ஆயுர்வேதத்தின் குக்குலுப் பிசினுக்கு நல்ல பூர்வீகம் உண்டு. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி 1966இல் முடித்த முனைவர் ஆய்வு, சுசுருத சம்ஹிதையில் வரும் வர்ணனையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இந்தியாவில் அது மருந்தாகவே அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் 2003இல் பிலடெல்பியாவில் 103 பேரிடம் சோதித்தபோது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 4, 5 விழுக்காடு ஏறியது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 விழுக்காடு இறங்கியிருந்தது.

2022இல் கிளீவ்லாந்து மருத்துவமனை, மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு மாத்திரைகளைக் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தோடு 28 நாள் மோதவிட்டது. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 38 விழுக்காடு குறைத்தது. மற்ற ஆறில் எதுவும் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி அதைக் குறைக்கவில்லை.

யோங் பெங்கின் சிவப்பு அரிசி

அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜொகூரில் யோங் பெங் ஊருக்குப் போனவர்கள், ஹொக்சியூ சீனர்கள் சிவந்த ஒயினில் சமைக்கும் கோழி மீ சுவாவைச் சாப்பிட்டிருக்கலாம். அந்தச் சிவப்பு, அரிசியின் மேல் வளர்க்கும் மொனாஸ்கஸ் பூஞ்சையால் வருவது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, 1971 முதல் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடினார். பெனிசிலியம் பூஞ்சையில் அப்படிப்பட்ட பொருளை, அதாவது முதல் ஸ்டாட்டினைக் கண்டார். 1979இல் மொனாஸ்கஸிலிருந்து இன்னொன்று கிடைத்தது. அதற்கு மொனாகோலின் கே என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் 1987இல் மருந்தாக வந்த லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒரே மூலக்கூறு.

ஆகவே சிவப்பு அரிசி மாத்திரை வேலை செய்தால், அது 'இயற்கை' என்பதால் அல்ல. உள்ளே ஸ்டாட்டின் இருப்பதால். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் சிக்கல். அமெரிக்கச் சந்தையில் கிடைத்த 12 மாத்திரைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, மாத்திரைக்கு 0.10 மில்லிகிராமிலிருந்து 10.09 மில்லிகிராம் வரை, நூறு மடங்கு வித்தியாசம் தெரிந்தது. கிளீவ்லாந்து முடிவைப் புரிந்துகொள்ளவும் இது உதவும். அவற்றில் நான்கில் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் அதிகமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எண்டோவின் தேடலில் முதலில் அகப்பட்டதும் சிட்ரினின்தான். எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் அதை ஓரம் கட்டினார். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய மாத்திரைகளில் மொனாகோலின் நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது.

மலேசியாவில் வாங்குபவர்கள் குப்பியின் பதிவு எண்ணைப் பார்க்கலாம். 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும். அதையடுத்து வரும் எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் ஊட்டச் சேர்ப்பு. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இந்தப் பதிவு, கன உலோகம், கிருமி, கலப்படம் போன்றவற்றைச் சோதித்ததைக் காட்டும். அந்த மாத்திரை கொலஸ்ட்ராலை இத்தனை விழுக்காடு குறைக்கும் என்பதற்கு அது அத்தாட்சியாகாது.

கிளினிக்கில் சிம்வாஸ்டாட்டின் தந்திருக்கும்போது, மகன் சீன மருந்துக்கடையில் வாங்கி வந்த சிவப்பு அரிசி மாத்திரையையும் சேர்த்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு ஸ்டாட்டின்களை எடுக்கிறார்கள். காலில் தசை வலியெடுத்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கையோடு அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு.